வாய்விட்டுச் சொன்னால்தான் மதிப்பெண்

முதல் தடவை ட்ரோன் தேர்வில் நான் வாங்கியது முட்டை. ட்ரோன் எங்கேயும் மோதவில்லை, நேரமும் மிச்சம் இருந்தது. ஆனாலும் முட்டை.

மைதானத்தில் கட்டைகளின் மேல் பத்து வாளிகளை ஆளுக்கொரு பக்கம் பார்ப்பதுபோல் சாய்த்துப் பொருத்தியிருப்பார்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் அடியில் ஒரு கறுப்பு வளையம், அதற்குள் ஓர் எழுத்து. வாளியின் வாய்க்கு நேராக ட்ரோனை நிறுத்தி, வளையம் முழுசாகத் திரையில் தெரிந்ததும் எழுத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தேர்வாளர் தன் கையிலிருக்கும் இன்னொரு திரையில் அதைப் பார்த்து "சரி" என்பார். ஐந்து நிமிடத்துக்குள் பத்தையும் சொல்லி, கிளம்பிய பலகையிலேயே இறக்கிவிட வேண்டும். ஒரு நொடி தாண்டினாலும் அத்தனையும் செல்லாது.

நான் பத்தையும் பார்த்தேன், ஒன்றையும் சொல்லவில்லை. ஒவ்வொரு வாளியிலும் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறேன்.

"ஏம்மா, வாயத் தெறக்கவே இல்லையே. விதி படிச்சீங்கதானே?" என்று தேர்வாளர் கேட்டார். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும், சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கும் அம்மாள்.

படித்தேன். தலைகீழாக ஒப்பிப்பேன். ஆனால் பயிற்சி முழுக்கத் தனியாகத்தான். யாரிடம் சொல்வது?

கணவரும் நானும் பிரிந்து மூன்று வருடம். வீட்டிலேயே உட்கார்ந்து யார் யாருடைய ஆவணங்களையோ தட்டச்சு செய்கிறேன். காலையில் கடைக்காரரிடம் "பை வேண்டாம்" என்பதோடு சில நாள் பேச்சே முடிந்துவிடும். தீயணைப்புத் துறையின் தேடுதல் பிரிவுக்கு நான் விண்ணப்பித்ததற்குக் காரணம் சம்பளமோ சேவை மனப்பான்மையோ இல்லை. அங்கே வேலை ஜோடியாகத்தான். ஒருவர் ட்ரோனை ஓட்டுவார், இன்னொருவர் பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொள்வார். தினமும் பக்கத்தில் ஓர் ஆள் என்று விளம்பரத்தில் படித்த அன்றே விண்ணப்பத்தை நிரப்பிவிட்டேன்.

இன்னும் ஒரே வாய்ப்பு, ஒரு மாதத்தில். அதுவும் போனால் வயது வரம்பு தாண்டிவிடும்.

மூடிக்கிடந்த கிடங்கின் பின்பக்கத்துச் சிமெண்டுத் தரையில் காலி பெயிண்ட் வாளிகளை வைத்து மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை பயிற்சி வாய்க்கு. வீட்டிலும் விடவில்லை. "அடுப்பு அணைச்சாச்சு" என்று அடுப்பிடம் சொன்னேன். "வெங்காயம், ரெண்டு" என்று கூடையிடம் சொன்னேன். என் குரல் யாரோ பக்கத்து அறையில் இருமுவதுபோல் கேட்டது.

வெளியூரில் இருக்கும் தம்பி போனில் யோசனை சொன்னான்.

"நீ எழுத்தச் சொல்லிட்டே போக்கா. நான் இங்கேருந்து சரி சரின்னு சொல்றேன். பேச்சுத்துணைக்குப் பேச்சுத்துணை."

இரண்டு நாள் ஒழுங்காகச் சொன்னான். மூன்றாம் நாள் அவன் குரலுக்குப் பின்னால் கீபோர்டு தட்டும் சத்தம்.

"நாலாம் வாளி, யானை," என்றேன்.

"சரி."

"அஞ்சாம் வாளி, நம்ம அப்பா மீசை."

"சரிக்கா."

சிரித்துவிட்டேன். பிறகு போனை அணைத்துவிட்டு, ட்ரோனை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தரையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு ஆயிரம் வேலை, அவன்மேல் கோபமில்லை என்று எழுதினால் பொய். கோபம்தான். அதைவிட அதிகமாக அவமானம்.

தேர்வன்று லேசான காற்று. அதே அம்மாள், அதே ஸ்டாப்வாட்ச்.

"ஒண்ணு. ப," என்றேன்.

"சரி."

அவசரமில்லாத, கனமான "சரி". பார்த்துவிட்டுச் சொன்னது. இரண்டு, மூன்று, நான்கு என்று போகப் போக என் விரல்களின் இறுக்கம் தளர்ந்தது. ஏழாவதில் வளையத்தின் ஓரம் திரையில் வெட்டுப்பட்டிருந்தது. எழுத்தைச் சொன்னேன், பதில் வரவில்லை. ட்ரோனை ஒரு சாண் நகர்த்தியதும் "சரி" வந்தது. நான் சொல்வது சரியா என்று ஒரு மனுஷி இத்தனை கவனமாகக் காத்திருந்து எத்தனை காலமாகிறது.

பத்தாவதைச் சொல்லி முடித்தபோது ஐம்பது நொடி மிச்சம். இறக்க இருபது போதும். ஆனால் என் கட்டைவிரல் ட்ரோனை முதல் வாளிக்குத் திருப்பியது.

"ஒண்ணு. ப."

"அத ஏற்கெனவே சொல்லிட்டீங்க."

"தெரியுங்க. ப."

திரையை மறுபடி பார்த்துவிட்டு, "சரி," என்றார்.

பலகையில் இறங்கியபோது மூன்று நொடி பாக்கி. தேர்வாளர் ஸ்டாப்வாட்சை இரண்டு முறை பார்த்துவிட்டுத் தாளில் பத்துக்குப் பத்து என்று எழுதினார். பேனாவை மூடினார்.

"மூணு நொடியில வேலை கைநழுவிப் போயிருக்கும். எதுக்குத் திரும்பப் போனீங்க?"

பழைய ஆளாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டு வந்திருப்பேன்.

"நீங்க சரின்னு சொன்னது நல்லா இருந்துச்சுங்க. வீட்ல அப்படிச் சொல்ல யாரும் இல்ல. இன்னொரு தடவ கேக்கணும்னு தோணிச்சு."

திரையில் வளையம் முழுசாகத் தெரியும்வரை பார்ப்பாரே, அப்படி என்னைப் பார்த்தார்.

"சரி," என்றார்.