ஒரு டிகிரி தள்ளி

என் வீட்டுக்காரர் துளசிங்கத்துக்கு அரக்கோணத்தில் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை. எந்த சிக்னலில் எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவர். சாயங்காலம் திருத்தணிக்கு வந்து மாடி ஏறினால், சொந்த மெஷினில் எங்கே கோளாறு என்று இரண்டு வருடமாக அவருக்குத் தெரியவில்லை. ஆரம்பத்தில் இதைச் சொல்லிக் கிண்டல் செய்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நிறுத்திவிட்டேன்.

மெஷின் என்றால் டெலஸ்கோப். குழாய் ஒன்றும் பெரிதில்லை, தூக்கிக்கொண்டு மாடி ஏறலாம். அதைத் தாங்குகிற மவுண்ட்தான் விஷயம். உள்ளே இரண்டு மோட்டார், ஒரு சின்ன கம்ப்யூட்டர், வெளியே தொங்குகிற ரிமோட். நட்சத்திரத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்து அமுக்கினால் கிர்ரென்று திரும்பிப்போய் அதன்மேல் நிற்க வேண்டும். எங்களுடையது ஒரு டிகிரி தள்ளி நிற்கும். கையை நீட்டிச் சுண்டுவிரலைப் பிடித்தால் அது மறைக்கிற அகலம்தான் ஒரு டிகிரி. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அதில் மாட்டிய கேமரா பார்ப்பதே மொத்தம் அரை டிகிரி. கேட்ட நட்சத்திரம் திரைக்கு வெளியே எங்கேயோ இருக்கும், நாங்கள் சம்பந்தமில்லாத வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

கேமரா எங்களுடையது இல்லை. பெங்களூரில் ஒரு குழு கொடுத்து வைத்திருக்கிறது. சூரியனைச் சுற்றுகிற ஏதாவது ஒரு சிறுகோள் நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும்போது அந்த நட்சத்திரம் சில விநாடி மறையும். எத்தனை விநாடி என்று நாலைந்து ஊரிலிருந்து பதிவு செய்தால் அந்தச் சிறுகோளின் அளவைக் கணக்குப் போட்டு, பதிவு செய்தவர் பெயரோடு ஒரு பட்டியலில் ஏற்றுவார்களாம். இவருக்கு இரண்டு முறை வாய்ப்பு வந்தது. இரண்டு முறையும் 'தவறியது' என்று எழுதி அனுப்பினார். தை மாதம் ஒரு சனிக்கிழமைக்கு மூன்றாவது வந்தது. இதுவும் தவறினால் கேமராவை அரக்கோணத்தில் இருக்கும் கஜபதி என்பவரிடம் ஒப்படைத்துவிடுங்கள் என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல்.

அன்றைக்கு இவர் சாப்பிடவில்லை. பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் வருடத்தில், அப்பா செத்ததால் படிப்பை விட்டவர். கே.ஜி.கண்டிகையில் மற்றவர் நிலத்தில் கரும்பு வெட்டப் போயிருக்கிறார், பிறகுதான் ரயில்வே.

"ஒரே ஒரு தடவ நான் எடுத்தது அந்த லிஸ்ட்ல ஏறணும் பிரபா. அப்பறம் கேமராவ யார்னா எடுத்துக்கட்டும்" என்றார்.

"ஏறும், ஏறும். மொதல்ல சோறு துன்னுங்க" என்றேன். உள்ளுக்குள் எனக்கு நம்பிக்கை இல்லை.

கோளாறைத் தேடாத இடம் இல்லை. நேரத்தைப் பார்த்தாயிற்று, தேதியைப் பார்த்தாயிற்று. ஊர் என்ற இடத்தில் சென்னை இருக்கிறதோ என்று பார்த்துத் திருத்தணிக்கு மாற்றியாயிற்று. மூன்று காலையும் ரசமட்டம் வைத்துச் சமன் செய்தாயிற்று. மவுண்ட்டை ஓட்டுகிற ஆட்டோ பேட்டரி பழசு, அதனால் மோட்டார் தடுமாறுகிறது என்று புது பேட்டரி வந்தது. பல்சக்கரத்தில் ஆட்டம் இருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மவுண்ட்டைப் பிரித்து, திருகாணிகளை என் டிபன் தட்டில் வரிசையாக வைத்து, கிரீஸ் போட்டு மூடினார். ராத்திரி பார்த்தால் அதே ஒரு டிகிரி. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் மெஷின் இப்படிச் செய்தால் இரண்டு தட்டு தட்டுவேன், ஓடும். இவர் தட்ட விடமாட்டார்.

சந்தேகப்படாத விஷயம் ஒன்றே ஒன்று. மவுண்ட்டை வைத்ததும் அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராகத் திருப்ப வேண்டும். வானம் மொத்தமும் அதைச் சுற்றித்தான் திரும்புகிறது என்பதால் மற்ற எல்லாக் கணக்கும் அதற்குப் பிறகுதான். எங்கள் ஊரில் அது தாழ இருக்கும், பதின்மூன்று டிகிரி உயரம். எங்கள் வீடு மலைக்குத் தெற்கே அடிவாரத்தில். வடக்கே பார்த்தால் மலை, அதன் விளிம்பில் புகையும் வெளிச்சமும். டெலஸ்கோப் வந்த வாரம் இவருக்கு அந்த நட்சத்திரம் கிடைக்கவில்லை. நான்தான் கண்டுபிடித்துக் கொடுத்தேன்.

"அதோ கீது பாருங்க, மஞ்சளா. அசையாம நிக்குது."

இவர் உடனே நம்பிவிடுகிற ஆள் இல்லை. அளந்து பார்த்தார், பதின்மூன்று டிகிரி சரியாக இருந்தது. துருவ நட்சத்திரம் லேசான மஞ்சள் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அப்புறம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். மற்றதெல்லாம் மேற்கே சாய்ந்தது, அது மட்டும் ஒரு நூல் நகரவில்லை. மூன்று அத்தாட்சி. அதன்பிறகு ஒவ்வொரு முறையும் அச்சை அதற்கு நேராகத்தான் வைத்தார். எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அந்தச் சனிக்கிழமை ஆறரைக்கே மாடியில் எல்லாம் தயார். நட்சத்திரம் மறையப்போவது ஏழு முப்பத்து நாலுக்கு. ரிமோட் என் கையில், லேப்டாப் அவர் மடியில். முதலில் திருவாதிரையை நடுவில் நிறுத்தி, இதுதான் திருவாதிரை என்று மெஷினுக்குச் சொன்னோம். பிறகு எங்களுக்கு வேண்டியது, புனர்பூசத்துக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன நட்சத்திரம். அமுக்கினேன். கிர்ரென்று போய் நின்றது. திரையில் இருந்த புள்ளிகள் எதுவும் அவர் அச்சடித்து வைத்திருந்த படத்தோடு ஒத்துப்போகவில்லை.

"இன்னொருவாட்டி" என்றார். இன்னொருவாட்டி. அதே சம்பந்தமில்லாத புள்ளிகள். மணி ஏழு பதினேழு. நேரம் சரியா, தேதி சரியா என்று ஆரம்பத்திலிருந்து மறுபடியும் படித்துக்கொண்டு வந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

"படிச்சதையே படிச்சிகினு இருந்தா வந்துருமா? எங்கயாவது தேடுங்க!"

"எங்கன்னு தேடறது பிரபா? நாலு பக்கமும் கீதே வானம்."

ஏழு இருபத்தொன்றுக்குக் கரண்ட் போயிற்று. மவுண்ட் பேட்டரியில் ஓடுகிறது, அதற்கு ஒன்றுமில்லை. ஊர்தான் மொத்தமாக இருண்டது. கீழ்வீட்டு கௌரியம்மாள் வாசலுக்கு வந்து குரல் கொடுத்தாள்.

"பிரபா! எல்லாருக்கும் போச்சா, நமக்கு மட்டுமா?"

எங்கள் தெருவில் கரண்ட் போனால் மாடியில் இருப்பவர் சுற்றிப் பார்த்துச் சொல்ல வேண்டும். எந்த அவசரத்திலும் இது தப்பாது. நான் எழுந்து பார்த்தேன். அரக்கோணம் ரோடு இருட்டு. லாட்ஜுகள் இருட்டு.

"எல்லாருக்கும் போச்சு கௌரியம்மா. மலைப் பக்கம்கூட..."

துருவ நட்சத்திரத்தைக் காணோம்.

"இன்னாங்க," என்றேன். "துருவ நட்சத்திரத்துக்கும் கரண்ட் போயிடுச்சி."

அவர் திரும்பிப் பார்த்தார். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அந்த இடத்தையே பார்த்தார்.

"மலமேல தண்ணித் தொட்டி கட்டனாங்களே. அதும்மேல கீற லைட்டு அது" என்று சொல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு வருசம், பிரபா. ரெண்டு வருசமா ஒரு பல்பு."

காட்டியது நான். மூன்று அத்தாட்சி அவருடையது, ஆனால் விரல் என்னுடையது. அவர் தட்டில் வைத்த ஒவ்வொரு திருகாணியும் என்னால்தான் என்று தோன்றியது. அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருக்கலாம்.

ஊர் வெளிச்சம் இல்லாததால் மலை விளிம்புக்கு மேலே வானம் மெதுவாகத் தெளிந்தது. பல்பு இருந்த இடத்துக்கு வலப்பக்கம், இரண்டு விரல் தள்ளி, கொஞ்சம் மேலே, மங்கலாக ஒன்று தெரிந்தது. இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை, கையை மட்டும் நீட்டினேன். அவர் பார்த்தார்.

"அங்க எந்தக் கட்டடமும் இல்லியே?" என்று கேட்டேன்.

"இல்ல. அங்க மலையே இல்ல."

"அப்ப எந்திரிங்க. பத்து நிமிசம் கீது."

எழுந்தார். கோளாறு தெரிந்துவிட்டால் அவர் வேறு ஆள். இரண்டு திருகைத் தளர்த்தி, அச்சுக்குள் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்து, நகர்த்தி, இறுக்கினார். திருவாதிரையை மறுபடி நடுவில் நிறுத்தினோம். நான் அமுக்கினேன். கிர்ரென்று போய் நின்றது.

திரையில் ஏழெட்டுப் புள்ளி. அவர் அச்சடித்த தாளைப் பக்கத்தில் பிடித்தார். கோணல் முக்கோணம், அதன் கீழே இரட்டைப் புள்ளி, நடுவில் அது. அப்படியே இருந்தது.

"வந்துடுச்சி" என்றார். ஏழு முப்பது. பதிவை ஓடவிட்டார்.

நாலு நிமிடம் நான் அந்த நடுப்புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தது, இருந்தது, சட்டென்று இல்லை.

"ஐயையோ, மறுபடியும் போச்சுங்க!" என்று கத்திவிட்டேன். நட்சத்திரம் காணாமல் போனால் அம்புக்குறியை அமுக்கித் தேடுவது இரண்டு வருடப் பழக்கம். கட்டைவிரல் தானாகப் பொத்தான் மேல் போயிற்று. மற்ற புள்ளிகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன என்பது என் மண்டையில் ஏறவில்லை. அமுக்கியிருந்தால் மொத்தப் பதிவும் நாசம். அவர் பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்து, விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து, ரிமோட்டை வாங்கினார். நிமிர்ந்தபோது நட்சத்திரம் அதே இடத்தில் இருந்தது.

"வந்துடுச்சிங்க" என்றேன். "போய் வந்துடுச்சி."

அவர் பதிவை நிறுத்திச் சேமித்தார், இரண்டு தடவை சரிபார்த்தார். நாலு விநாடிக்குக் கொஞ்சம் மேல். பெங்களூருக்கு அனுப்பிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"நான் பாக்கல பிரபா. உன் கையத்தான் பாத்துகினு இருந்தேன்."

கேமராவில் இருக்கிறது, போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவர் தலையாட்டினார், ஆனால் லேப்டாப்பைத் தொடவில்லை.

"நீதான பாத்த. எப்படி இருந்துச்சி, சொல்லு" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த வரைக்கும் சொன்னேன்.