கடைசி ஜோடி

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேருந்து நிறுத்தத்தில், பள்ளிப் பையோடு நின்ற இரண்டு குழந்தைகளிடமிருந்து எடுத்தது.

"பாவம்ல, அவளுக்கு ஜோடியே இல்ல."

"ஏன் இல்ல? டீச்சர்தான் அவ ஜோடி!"

பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். எனக்கு எப்போதும் இப்படித்தான். கதை காதுக்குத்தான் வரும். முகங்களை நான்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

2

முதல் தொடக்கம்: இரண்டாம் வகுப்பின் சன்னல் வழியே இளவெயில் மெல்ல –

(வேண்டாம். எந்தக் குழந்தை இளவெயிலைப் பார்க்கிறது?)

இன்னொன்று: இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் மைதானத்துக்கு ஜோடி ஜோடியாகக் கைகோத்துப் போக வேண்டும். எண்ணிக்கையோ ஒற்றைப்படை. புதிதாகச் சேர்ந்த சிறுமி மிஞ்சினாள். மனசு கேட்காமல் டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாளும் பிடித்தார். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. மைதானத்தில் எல்லோரும் ஓடி விளையாட, அவள் மட்டும் டீச்சரின் விரலைப் பிடித்தபடி நின்றாள்.

3

இந்த டீச்சர்மீது எனக்கு ஒரு சந்தேகம். ரொம்ப நல்லவராக இருக்கிறார். ரொம்ப நல்லவர்கள் என்னிடம் வாயே திறப்பதில்லை. அதனால், சிறுமி வராத ஒரு நாளில் அவரைக் கேள்வி கேட்க வைத்தேன்.

"ஏன் அவளை யாருமே விளையாடக் கூப்பிட மாட்டேங்கறீங்க?"

வகுப்பின் வாயாடி முந்திக்கொண்டாள். "அவ உங்க ஜோடி டீச்சர்! நாங்க கூப்பிட்டா நீங்க கோச்சுக்க மாட்டீங்களா?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. துணைக்கு நீட்டிய கை வேலியாகிவிட்டிருந்தது.*

* இந்த வரி என்னுடையது. டீச்சர், "அட கடவுளே, நானேவா!" என்றுதான் நினைத்தார்.

(சிறுமிக்கு இதுவரை ஒரு வசனமும் இல்லை. நான் மறந்துவிடவில்லை. அவள் பேச மாட்டேன் என்கிறாள்.)

4

அடுத்த நாள் டீச்சர் பந்துக் கூடையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார். சிறுமி அண்ணாந்து பார்த்தாள். பிடித்துக்கொள்ள விரல் இல்லை.

முடிவு ஒன்று: எல்லாக் குழந்தைகளும் ஓடி வந்து கை நீட்டுகிறார்கள். (நான் வகுப்பறைப் பக்கமே போனதில்லை என்று நினைப்பீர்கள்.)

முடிவு இரண்டு: யாரும் வரவில்லை. டீச்சர் மனசு தாங்காமல் கூடையைக் கீழே – இல்லை, வைக்கக் கூடாது. கை கடுத்தாலும் வைக்கக் கூடாது.

மூன்றாவதை நான் யோசிக்கவில்லை. காதில் விழுந்தது. முன்னால் நின்ற வாயாடி, தன் ஜோடியிடம்:

"கொஞ்சம் தள்ளுடி."

"எதுக்கு?"

"இவளும் வரட்டும்."

"மூணு பேரும் வாசல்ல மாட்டிக்குவோமே!"

"நண்டு மாதிரி பக்கவாட்டுல போலாம். ஏய், வா!"

5

சிறுமி உள்ளங்கையை உடையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். வாசல் வரை போனாள். அங்கே சட்டென்று நின்று திரும்பினாள். அவள் வாயிலிருந்து எனக்குக் கேட்ட ஒரே வசனம் இதுதான்:

"டீச்சர், அப்ப நீங்க யாரோட வருவீங்க?"

டீச்சர் என்ன சொன்னாரோ, அதை உங்களிடமே விடுகிறேன். வாசலில் மூன்று நண்டுகள் மாட்டிக்கொண்டு நிற்கின்றன, பின்னால் கூடை கனக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று: அவள் திரும்பி வந்துவிடாத மாதிரி சொல்லுங்கள்.