மூணே முக்கால் அடி

"கேமிங்குக்கா, வேலைக்கா?" என்று சிவபாலன் அண்ணாச்சி கேட்டார். கடைச் சுவர் முழுக்க மானிட்டர்கள். ஒன்றில் கார்ப் பந்தயம், ஒன்றில் கடலுக்கடியில் கலர் கலராக மீன்கள். தூத்துக்குடிக்காரனுக்கே மீன் காட்டுகிறார்களே என்று வேறொரு நாளாக இருந்தால் சந்தனச்செல்வி சிரித்திருப்பாள். இன்றைக்குச் சும்மா பார்த்தாள். "வேலைக்கு" என்று அவள் கணவன் தங்கப்பாண்டிதான் பதில் சொன்னான்.

"என்ன வேலை, தங்கச்சி?"

"ஷிப்பிங் பில் அடிக்கது அண்ணாச்சி. எக்ஸெலும் பிடிஎஃப்பும் பக்கத்துல பக்கத்துல தெரியணும்."

அவ்வளவுதான், அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். "அப்ப இந்த வளைஞ்சது வேண்டாம். நூத்தி நாப்பத்திநாலு ஹெர்ட்ஸும் வேண்டாம், அது பயலுவ சுட்டு வெளையாடுததுக்கு. ஐபிஎஸ் பேனல் எடுங்க, எழுத்து பளிச்சுனு இருக்கும். மினுங்குதத எடுக்காதீய, சன்னல் வெளிச்சம் மூஞ்சில அடிக்கும். ஸ்டாண்டு ஏத்தி இறக்குத மாதிரி இருக்கணும், இல்லன்னா கழுத்து போயிரும்." சந்தனச்செல்வி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பஸ் ஸ்டாண்டில் யாரோ வேறு ஊருக்குப் போகிற பஸ்ஸை அறிவிக்கிற மாதிரி இருந்தது.

நாற்பத்தேழு நாளாக அவளுக்கு எல்லாமே இப்படித்தான். எட்டாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே அடங்கிவிட்டது. பெண் பிள்ளை. ஏரலில் அம்மா வீட்டில் ஒரு மாதம் கிடந்துவிட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பியபோது, வீட்டிலிருந்த சின்ன அறையில் எடுத்து ஒளித்துவைக்க ஒரு சட்டைகூட இல்லை. பிறக்கும் முன்னால் பிள்ளைக்கென்று துண்டுத் துணி வாங்கக்கூடாது என்பது இரண்டு வீட்டிலும் கண்டிப்பு. நல்லவேளை ஒன்றும் வாங்கவில்லை என்றார்கள் துக்கம் விசாரிக்க வந்தவர்கள். என்ன நல்லவேளையோ! கட்டிக்கொண்டு அழ ஒரு குல்லாவாவது இருந்திருந்தால் அழுகை வந்திருக்குமோ என்னவோ. வரவில்லை. சாப்பிட்டாள், குளித்தாள், தூங்கினாள். திங்கட்கிழமையிலிருந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆபீசில் சொன்னார்கள். அதற்கும் சரி என்றாள்.

ஒன்றே ஒன்று மட்டும் மரத்துப்போகவில்லை. ஆஸ்பத்திரியில் மாமியார் பேச்சி, "ஏழு மாசம் வரைக்கும் அந்த கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்திருந்தா வேற என்ன ஆவும்?" என்று கேட்டாள். தங்கப்பாண்டி பக்கத்தில்தான் நின்றான். வாயைத் திறக்கவில்லை. திரும்பி வந்த நாளிலிருந்து "சாப்ட்டியா", "மாத்திரை போட்டியா" தவிர வேறு பேச்சில்லை. அவன் பாயும் ஹாலுக்குப் போய்விட்டது. அவனும் அப்படித்தான் நினைக்கிறானா? கேட்க நாக்கு எழவில்லை. நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும் என்று விடவும் முடியவில்லை. இப்போது அதே கம்ப்யூட்டருக்கு மானிட்டர் வாங்க அவனே பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிவந்திருக்கிறான்.

"இருபத்தேழு இஞ்சா, முப்பத்திரண்டா?" அண்ணாச்சி இரண்டையும் காட்டினார். "மேசை போட எடம் எவ்வளவு இருக்கும்? நெறைய பேரு அளக்காம வந்து பெருச வாங்கிட்டுப் போயி, மறுநாளே மாத்தக் கொண்டாருதாவ."

தெரியாது என்று அவள் தலையாட்டுவதற்குள், "மூணே முக்கால் அடி" என்றான் தங்கப்பாண்டி. "சன்னல்ல இருந்து கதவு நிலை வரைக்கும். ஆழம் ரெண்டே கால்."

"இப்படில்லா வரணும்! ரெண்டே கால் அடிக்கு முப்பத்திரண்டு கண்ணைக் குத்தும். இருபத்தேழே போதும். சீல் ஒடைக்காத பெட்டி எடுத்தாரேன்" என்று அண்ணாச்சி உள்ளே போனார்.

மேசை போடப்போவது அந்தச் சின்ன அறையில்தான். அவள் திரும்பி வந்த பிறகு அதற்குள் அவன் காலெடுத்து வைத்ததில்லை.

"எப்ப அளந்திய?" என்று கேட்டாள்.

அவன் கவுண்டர் கண்ணாடியையே பார்த்தான். "வளைகாப்பு முடிஞ்சு நீ ஏரல் போனேல்லா. அப்பம்."

"எதுக்கு?"

"தொட்டில் கட்டிலுக்கு." துறைமுகத்தில் கன்டெய்னர்களை அங்குலம் பிசகாமல் அடுக்குகிறவனுக்குக் குரல் பிசகியது. "வாங்கல. சத்தியமா ஒண்ணும் வாங்கல. டேப்பை வச்சு அளந்து மட்டுந்தான் பாத்தேன். அதுக்கே இப்படி ஆயிப்போச்சு. எங்கம்ம உன்னையச் சொல்லும்போது, நாந்தான்னு சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

சந்தனச்செல்விக்குக் கோபம் வந்தது. இத்தனை நாளில் அவளுக்கென்று வந்த முதல் உணர்ச்சி அதுதான். அட பாவி மனுசா, ஒரு டேப்பை இழுத்துப் பிடித்ததற்கா என்னை இப்படிப் போட்டு வதைத்தாய்? பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு, கோபத்துக்குப் பின்னாலேயே பொறாமையும் வந்தது. இவன் அந்த மூலையில் பிள்ளையைப் பார்த்திருக்கிறான். அவள் பார்க்கவே இல்லை. நினைத்தால் ஆகாது என்று பயந்து பயந்து, நினைக்காமலே இருந்துவிட்டாள்.

"தல எந்தப் பக்கம்?"

"என்னது?"

"பிள்ளைக்குத் தல எந்தப் பக்கம் வைக்கணும்னு நெனச்சிய?"

தங்கப்பாண்டி சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு இரண்டு கையையும் கண்ணாடி மேல் வைத்தான். நடுவில் ஒன்றரை முழம் இருக்கும். "இங்கன சன்னல். காலைல வெயில் அடிக்கும்லா. அதனால தல அங்கன, கதவுப் பக்கம்" என்று வலது கையை லேசாக அசைத்தான்.

அவள் அந்தக் கைக்குப் பக்கத்தில் தன் உள்ளங்கையைக் கொஞ்சம் குழித்து வைத்தாள். கண்ணாடி குளிர்ந்து கிடந்தது.

அண்ணாச்சி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "கையை எடுங்க தங்கச்சி, இத வச்சிருதேன்" என்றார். இரண்டு பேரும் எடுக்கவில்லை. பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவர் அப்படியே நின்றார்.