வரி ஒழிந்த சாவடி

எல்லைச் சாவடியின் நெற்றியில் ‘இரு நாடு, ஒரே சந்தை’ என்ற புதுப் பலகை பளபளத்தது. அதன் கீழே, சோதனைக்கென்று வேனிலிருந்து இறக்கிவைத்த சவப்பெட்டி. உள்ளே தம்பி. பக்கத்து நாட்டுக்குச் சரக்கு லாரி ஓட்டிப் போனவன் அங்கேயே மாரடைத்து விழுந்துவிட்டான். அக்காதான் போய் வாங்கி வந்தாள். உச்சி வெயில். பெட்டிக்குள் அடைத்த பனிக்கட்டி சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. அது உருகித் தீர்வதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும்.

“உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா, தாராளமா போகலாம்,” என்றார் சுங்க அதிகாரி, பெரிய சலுகை கொடுத்தவர் மாதிரி. “பெட்டிதான் இடிக்குது. அந்த நாட்டுலயே செஞ்சதுன்னு சான்றிதழ் இருந்தா வரி கிடையாது. இந்த மரம் வேற எங்கேருந்தோ வந்திருக்கு.”

“சரி சார், வரியைக் கட்டிடறேன்.”

“எங்கே கட்டுவீங்க? அதான் ஒப்பந்தம் போட்டு வரியை ஒழிச்சாச்சே! கவுண்டரையே மூடிட்டோம்.”

அவர் கைகாட்டிய கண்ணாடிக்குப் பின்னால் ஒப்பந்த விழாவின் நாற்காலிகள் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தன.

வேன் ஓட்டிவந்த மொட்டை, தம்பியின் கூட்டாளி. வாயை அடக்கத் தெரியாதவன். “ஒப்பந்தத்துக்கு முன்னாடி எப்படி சார்?”

“அப்போ பத்து நிமிஷ வேலை. கட்டிட்டுப் போயிட்டே இருக்கலாம்.”

“நல்லாத்தான் திறந்துவிட்டிருக்கீங்க. செத்தவனுக்கே இந்தப் பாடுன்னா தக்காளி ஏத்திட்டு வர்றவன் கதி?”

“தக்காளி சுலபம்பா,” என்றார் அதிகாரி, நிஜமான அக்கறையோடு. “அது அங்கேயே விளையுது.”

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தம்பி இருந்திருந்தால் இந்த மனிதரை வீட்டுக் கூடத்தில் ஒரு வாரம் நடித்துக் காட்டியிருப்பான். தலைநகரத்தில் மாலையும் கழுத்துமாகக் கையெழுத்துப் போட்ட பெருந்தலைகளில் ஒருவருக்காவது, லாரி ஓட்டுபவன் வழியில் சாகவும் கூடும் என்று தோன்றியிருக்குமா?

பெட்டியிலிருந்து சொட்டுவது நின்றிருந்தது.

“உடம்பு போகலாம்னு சொன்னீங்கல்ல சார்?”

“தாராளமா.”

“மொட்டை, மூடியைத் திறடா.”

அதிகாரி பதறிப்போனார். “அம்மா, பெட்டியை இங்கே போட்டுட்டுப் போக முடியாது!”

“ஏன், அதுக்கும் கவுண்டரை மூடிட்டீங்களா?”

இருவருமாகத் தூக்கினார்கள். ஈரத்தில் கனத்தான். பின்சீட்டில் கிடத்தி, தலையை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். தடுப்புக்கம்பம் உடனே உயர்ந்தது. ஒப்பந்தத்தின் சாதனையாகக் காட்ட, ஒரு நிமிடத்துக்குள் கடந்த வாகனங்களுக்கென்று தனி ஏடு வைத்திருந்தார்கள். அதிகாரி அதில் வேனின் எண்ணைக் குறித்துக்கொண்டார். அவள் அதைப் பார்த்தாள். பிறகு தம்பியின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை விரலால் ஒதுக்கிவிட்டாள்.