கதவு திறக்காத கேம்

ஹேமாவதியும் நானும் குரோம்பேட்டையில் செய்த முதல் கேமை கம்ப்யூட்டருக்கு வெளியிட்டோம். திருட்டு காப்பியில் மட்டும் இரண்டாம் லெவல் கதவு திறக்காதபடி செய்திருந்தேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு. அடுத்த கேமையும் கம்ப்யூட்டருக்கு விடுவதா, டிவியில் மாட்டி ஆடும், எளிதில் காப்பியடிக்க முடியாத கன்சோலுக்கு விடுவதா என்று நாங்கள் வாதாடிக்கொண்டிருந்தபோது பொத்தேரியிலிருந்து ஒரு மாணவன் அழைத்தான்.

"அண்ணா, ரெண்டாவது லெவல்ல கதவு தொறக்கல. ஹாஸ்டலே மொக்க கேம்னு சொல்லுது. நான்தான் உங்களுக்காக சண்ட போட்டுகினு கீறேன்."

"எங்கப்பா வாங்கின?"

"இன்னாண்ணா, கேமெல்லாம் காசு குடுத்தா வாங்குவாங்க?"

திட்டத்தான் வாயைத் திறந்தேன். மூன்று நாளாக அந்தக் கதவோடு மல்லுக்கட்டுகிறானாம். மனசு கேட்கவில்லை, நல்ல காப்பியை அனுப்பிவிட்டேன்.

"அடுத்தது கன்சோலுக்கு மட்டும்தான்," என்றாள் ஹேமாவதி. தலையாட்டினேன். எங்களுக்காகச் சண்டை போடும் ஒரே ரசிகனிடம் கன்சோல் கிடையாது.