இடக்கண்ணும் வலக்கண்ணும்

சந்தை நாளென்றால் ஆண்டிச்சாமி வீட்டில் கோழிக்கு முன்னால் எழுந்திருப்பது எட்டு வயது ஜெயக்கொடிதான். எழுந்திருப்பாள் என்று சொல்வதுகூடத் தப்பு, எழுப்பப்படுவாள். "ஆத்தா கொடி, எந்திரி. மொத பஸ்ஸு போயிரும்" என்று அப்பா அவளைத் தூக்கி உட்காரவைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, அவனியாபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைக்குக் கூட்டிப்போவார். இது எழுபத்தெட்டாம் வருஷத்துக் கதை. அப்போது அங்கே பஸ் நிலையம் கிடையாது. பேருக்கேற்றபடி மாடுகள்தான்.

ஆண்டிச்சாமி மாட்டுத் தரகர். சுழி பார்ப்பதில் அந்த வட்டாரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. நெற்றியிலும் முதுகிலும் ரோமம் சுழிந்திருக்கும் இடத்தைப் பார்த்தே, இந்த மாடு வீட்டை வாழவைக்குமா, கவிழ்க்குமா என்று சொல்லிவிடுவார். விற்பவர் விரலையும் வாங்குபவர் விரலையும் மாறி மாறித் தன் துண்டுக்குள் பிடித்து, வாய் திறக்காமல் விரல் கணக்கிலேயே விலை பேசிப் பேரத்தை முடிப்பார்.

அந்த இடத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு என்ன வேலை? அவளுடைய கண்தான் வேலை.

ஜெயக்கொடிக்கு ஒரு வருஷமாகக் கண் துடித்துக்கொண்டிருந்தது. சும்மா இருக்கும்போதே ஒரு கண் இறுக மூடித் திறக்கும். சில நேரம் கூடவே தோளும் குலுங்கும். அவள் வேண்டுமென்று செய்வதில்லை, வேண்டாமென்று நினைத்தாலும் நிற்பதில்லை. போன கோடை லீவில் அப்பாவுக்குச் சோறு கொண்டு சந்தைக்குப் போனவள், பேரம் நடக்கிற இடத்தில் போய் நின்றாள். முத்திருளன் என்ற பெரிய வியாபாரி ஒரு ஜோடிக் காளைக்குத் துண்டுக்குள் விரலைக் கொடுத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அவளுடைய இடது கண் துடித்தது.

"பொம்பளப் பிள்ளைக்கு இடது கண்ணு துடிச்சா நல்லதுய்யா" என்று சொல்லி அவர் ஜோடியை முடித்துவிட்டார். அந்தக் காளைகளும் அவர் வண்டியில் குறை சொல்ல இடமில்லாமல் உழைத்தன. நல்ல மாட்டை நல்ல தரகர் காட்டினார், நன்றாக உழைத்தது என்று யாராவது நினைத்தார்களா? பெருமை முழுவதும் பிள்ளையின் கண்ணுக்குப் போய்விட்டது.

அதிலிருந்து சந்தை நாட்களில் அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. வேப்பமரத்தடியில் ஒரு சாக்கை விரித்து உட்காரவைத்திருப்பார்கள். துண்டுக்குள் விரல் பேசும்போது நாலைந்து பேர் அவள் முகத்தையே உற்றுப் பார்ப்பார்கள். இடது கண் துடித்தால் முடித்துவிடலாம். வலது கண் என்றால் விரலை உருவிக்கொள்வார்கள். தூங்கி விழாமல் இருக்க டீ வாங்கித் தருவார்கள். காலையிலிருந்து வெயில் ஏறுவதற்குள் ஐந்து டீ, இரண்டு பன், கலர் மிட்டாய். உற்றுப் பார்க்கப் பார்க்க, தூக்கம் கெடக் கெட, துடிப்பு கூடியது. "பாத்தீங்களா, பிள்ளைக்குச் சக்தி ஏறிக்கிட்டே போகுது" என்றார்கள்.

ஆண்டிச்சாமி கெட்டவரில்லை. மகளுக்கு ஏதோ நோவு என்று நினைத்தபோதெல்லாம் அவருக்கு நெஞ்சு வலித்தது. வரம் என்று ஊர் சொன்னபோது வலி நின்றது. எந்தத் தகப்பனும் வலி நிற்கிற பக்கம்தான் சாய்வான்.

ஐப்பசியில் ஒரு சந்தை நாள். மலையம்மாள் என்ற விதவைப் பெண் தன்னிடமிருந்த ஒரே கறவைப் பசுவை ஓட்டிவந்திருந்தாள். பல் சுத்தம், சுழி சுத்தம், மடியும் நல்ல மடி. வாங்க வந்தவர் முக்கால்வாசி ஒத்துக்கொண்டுவிட்டார். அப்போது ஜெயக்கொடியின் வலது கண் துடித்தது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அவர் விரலை உருவிக்கொண்டு போய்விட்டார். பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் அந்தப் பசுப் பக்கமே வரவில்லை.

வெயில் சாய்ந்ததும் மலையம்மாள் பசுவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்தாள். அவள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"நீ என்ன செய்வ தாயி. ஆனாலும் ஒங்கண்ணு இன்னைக்கி எங்க வீட்டு அடுப்ப அணைச்சிருச்சு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று வீட்டுக்கு வந்த பிள்ளை சாப்பிடவில்லை. அம்மா ஒச்சாயி மடியில் போட்டுத் தலையைக் கோதினாள். வெகுநேரம் கழித்து ஜெயக்கொடி கேட்டாள்.

"அம்மா, இந்தக் கண்ண மட்டும் துணி வெச்சுக் கட்டி விடுறியா?"

"ஏன்டி?"

"அது கெட்ட கண்ணும்மா. அது துடிச்சா அடுத்தவங்க வீட்டுல சோறு பொங்க மாட்டாங்களாம்."

ஒச்சாயி அதற்குமேல் காத்திருக்கவில்லை. மறுநாள் புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மகளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

பிள்ளைகள் பிரிவில் இருந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரர்தான். கண்ணுக்குள் விளக்கடித்தார், கையை நீட்டச் சொன்னார், நடக்கவிட்டுப் பார்த்தார். கீழ் இமையை இழுத்து, உள்ளே வெளிறிக் கிடப்பதைக் காட்டினார். பிறகு கேட்டதெல்லாம் ஒச்சாயி எதிர்பார்க்காத கேள்விகள்.

"காலையில என்ன சாப்பிடுவா? எத்தனை டீ? எத்தனை மணிக்குத் தூங்குவா? விளையாடப் போவாளா?"

பதில் சொல்லச் சொல்ல ஒச்சாயிக்கே வெட்கமாக இருந்தது. சந்தைக் கதையைக் கேட்டதும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இது குறியும் இல்ல, சாபமும் இல்லம்மா. நரம்புத் துடிப்பு. ஏழெட்டு வயசுல நிறையப் பிள்ளைகளுக்கு வர்றதுதான். பெரும்பாலும் வளர வளரக் குறைஞ்சுடும். நடுவுல போகும், திரும்ப வரும், பயப்படாதீங்க."

"டானிக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்க டாக்டரம்மா. பக்கத்து வீட்டுல மூணு பாட்டில் பேரு சொன்னாக."

"கண் துடிப்ப நிறுத்துற டானிக்னு ஒண்ணு இல்லம்மா. இருக்குன்னு யார் சொன்னாலும் வாங்காதீங்க. ரத்தம் கம்மியா இருக்கு, அதுக்கு இரும்புச் சத்து மாத்திரை தர்றேன். டீயை நிறுத்துங்க. கேப்பைக் கூழ், முருங்கைக் கீரை, கடலை, முடிஞ்சப்ப முட்டை குடுங்க. எட்டு மணிக்கெல்லாம் படுக்கட்டும். சாயங்காலம் நல்லா ஓடி விளையாடட்டும். உடம்பு தெம்பா இருந்தா துடிப்பு தானே மட்டுப்படும். இது எல்லாத்தையும்விட முக்கியம், அவ கண்ணைப் பாக்காதீங்க. துடிக்குதுன்னு சொல்லாதீங்க, துடிக்காதேன்னும் சொல்லாதீங்க. பாக்கப் பாக்கத்தான் கூடும்."

வீட்டில் அன்றைக்கே டீத்தூள் டப்பா பரணுக்கு ஏறியது. ஆண்டிச்சாமிக்கு விஷயம் தெரிந்தபோது முகம் சுருங்கியது. "ஊரே கும்புடுற கண்ணு. அதுக்கு மாத்திரை போடுறாளாம்" என்று முனகிவிட்டு, அடுத்த சந்தைக்குப் பிள்ளை கட்டாயம் வர வேண்டும், முத்திருளன் மாமா பெரிய ஜோடி ஒன்று பார்க்கிறார் என்றும் சொல்லிவைத்தார்.

சந்தைக்கு முதல் நாள் சாயங்காலம் பக்கத்துத் தெருத் தவசி வந்தார். புதிதாக வாங்கிய காளை தலையைத் தலையை உதறுகிறது, தோல் சிலிர்த்துக்கொண்டே இருக்கிறது, தீனி எடுக்கவில்லை என்று புலம்பினார். தெருவே வந்து சுற்றி நின்று பார்த்துவிட்டுப் போனதாம்.

ஆண்டிச்சாமி சிரித்தார். "அதான்ணே கோளாறு. லாரியில ஏத்தி எறக்கி, தூக்கமில்லாமக் கெடந்த மாடு. ஒரு வாரம் ஏர்ல பூட்டாதீங்க. நெழல்ல கட்டி, பருத்திக்கொட்டை, தவிடுன்னு நல்ல தீனியா வையிங்க. ஒரு பயல சுத்தி நின்னு வேடிக்கை பாக்க விடாதீங்க. தன்னால அடங்கிரும்."

அடுப்படியில் இருந்த ஒச்சாயி காதில் ஒவ்வொரு வார்த்தையும் விழுந்தது.

மறுநாள் விடியும் முன்னே ஆண்டிச்சாமி வழக்கம்போல மகளை எழுப்பப் போனார். விளக்கைத் தூண்டிவிட்டுக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிள்ளை தன் பாவாடைக் கிழிசலை வலது கண்ணின் மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். முடிச்சு பின்தலை முடியோடு சேர்ந்து சிக்கியிருந்தது.

"யாரு கட்டுனது?"

"அவளே கட்டிக்கிட்டா" என்றாள் ஒச்சாயி. "இன்னைக்கிச் சந்தையாம்ல. யாரு வீட்டு அடுப்பும் அணையக் கூடாதாம்."

அவர் வாயைத் திறக்கும் முன்பே அவள் தொடர்ந்தாள். குரல் உயரவில்லை. "இந்தாருங்க, நேத்துத் தவசியண்ணங்கிட்ட ஒரு வைத்தியம் சொன்னீகளே, நெழல்ல கட்டு, நல்ல தீனி போடு, வேடிக்கை பாக்க விடாதன்னு. டாக்டரம்மாவும் இதத்தான் சொன்னாக. மாட்டுக்கு அம்புட்டுத் தெரிஞ்ச மனுசனுக்குப் பெத்த பிள்ளைக்குத் தெரியலையே."

ஆண்டிச்சாமி மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். மாட்டின் சுழியைத் தடவித் தடவிப் பழகிய விரல்கள், அந்த முடிச்சிலிருந்து முடியை ஒவ்வொன்றாகப் பிரித்தன. முடி இழுபடாமல் அவிழ்த்து முடிக்க நேரமானது. முதல் பஸ் போய்விட்டது. அன்று அவர் தனியாகத்தான் சந்தைக்குப் போனார். பிள்ளை வரவில்லை என்றதும் முத்திருளன் விரல் கொடுக்கவே மறுத்துவிட்டு வேறு தரகரிடம் போய்விட்டார். ஆண்டிச்சாமிக்கு அது பெரிய அடிதான். அதற்கடுத்த வாரம் மலையம்மாளின் ஊரைத் தேடிப் போய், அவளுடைய பசுவுக்கு நல்ல இடமாகப் பார்த்துத் தானே பேசி முடித்துக் கொடுத்தார்.

மூன்று மாதம் போயிற்று. ஜெயக்கொடி ஒருநாள் விடாமல் பள்ளிக்கூடம் போனாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. துடிப்பு அடியோடு போய்விட்டதா என்றால் இல்லை. நாட்கணக்கில் காணாமல் போகும், பரீட்சை வந்தால் எட்டிப் பார்க்கும். வீட்டில் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. அவளும் மறந்துவிட்டாள்.

தைப்பொங்கல் கழிந்த ஒரு காலையில் முத்திருளன் வீடு தேடி வந்தார். ஜெயக்கொடி தூக்குவாளியில் கூழ் குடித்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ள, நீ காட்டுற மாடு மாதிரி வேற எவனும் காட்ட மாட்டேங்குறான். திருமங்கலத்துல ஒரு ஜோடி பாத்திருக்கேன், நீதான் முடிச்சுக் குடுக்கணும்" என்று பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். "அந்தா பாரு, இடது கண்ணு. ரெண்டு தடவ துடிச்சிருச்சு மாப்ள. கெளம்பு, கெளம்பு."

உண்மையைச் சொல்வதென்றால், ஆண்டிச்சாமியின் மனமும் ஒரு நொடி துள்ளத்தான் செய்தது. பழகிய மனம். ஆனால் பிள்ளையின் கை தூக்குவாளியை விட்டுவிட்டு மெல்ல அந்தக் 'கெட்ட' வலது கண்ணை மூடப் போவதை அவர் பார்த்தார். எழுந்து போய், முத்திருளனுக்கும் மகளுக்கும் நடுவில் தன் முதுகை மறைப்பாகக் கொடுத்து உட்கார்ந்துகொண்டார்.

"நீ குடி ஆத்தா" என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் திரும்பினார்.

"மாமா, மாடு பாக்க வாரேன். பல்லப் பாத்து, நடையப் பாத்து, சுத்தமாச் சொல்றேன். ஆனா துண்டுக்குள்ள வெச்சுப் பேசுறது மாட்ட மட்டுந்தான், எம்பிள்ளை மொகத்த வெச்சு இனிமே பேரம் கெடையாது. அது துடிக்கிறது நமக்கு நல்லது சொல்லவும் இல்ல, கெட்டது சொல்லவும் இல்ல. 'எனக்குத் தூக்கம் பத்தல, சோறு பத்தல, என்னைய உத்துப் பாக்காதீக'ன்னு பிள்ளை ஒடம்பு நம்மகிட்டச் சொல்லியிருக்கு. அதக் கேக்காம, நாம அதுகிட்டயே போயிக் குறி கேட்டுருக்கோம். நோவு வந்த பிள்ளைக்குக் குடுக்க வேண்டியது நல்ல சோறும், நல்ல தூக்கமும், டாக்டர் சொல்ற மருந்தும் மாமா. வேடிக்கை பாக்குறத நாம நிறுத்துனாலே பாதி நோவு நின்னுரும்."

முத்திருளன் பிள்ளை பக்கம் பார்ப்பதை நிறுத்தினார். வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். ஆண்டிச்சாமியின் முதுகுக்குப் பின்னால் ஜெயக்கொடி இரண்டு கைகளாலும் தூக்குவாளியைப் பிடித்துக் கூழைக் குடித்து முடித்தாள்.