இடமிருந்து மூன்றாவது

அத்தான் அனுப்பிய படம் என் போனுக்கு வந்தபோது எனக்குச் சாப்பாட்டு இடைவேளை. நான் இருப்பது வெளிநாட்டில்; அங்கே ஊரில் மாலை நாலு மணி. கூடவே ஒரு குரல் பதிவும் வந்திருந்தது.

"மாப்ள, ஆறு மணிக்கு புத்தக அட்டை மெஷின்ல ஏறுது. தாத்தாவைப் பத்திப் பத்து வரி கேட்டு ஒரு மாசம் ஆச்சு. குடும்பத்துக்கே நீ ஒருத்தன்தான் எழுத்தாளன்னு எங்கம்மா பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டுத் திரியுறாங்க. இன்னும் ஒரு மணி நேரத்துல வரலைன்னா நானே எழுதிடுவேன். அப்புறம் அழாத."

அத்தான் என் அப்பாவின் தங்கை மகன். மூன்று வருடமாக வேறு வேலையே இல்லாதவர் மாதிரி சொந்தக்காரர்கள் வீடு வீடாக ஏறி இறங்கி, பரண்மேல் கிடந்த படங்களை எல்லாம் வாங்கி, யார் யாருக்கு என்ன உறவு என்று கோடு போட்டு ஒரு புத்தகம் செய்துவிட்டார். அதன் அட்டையில் எங்கள் தாத்தா.

தாத்தா ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலையில் இருந்தவர். என் அப்பாவுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது காய்ச்சலில் போய்விட்டார். அத்தை அப்போது வயிற்றில். அத்தை பிறந்த கொஞ்ச நாளில் அவர்களுடைய அம்மாவும் போய்ச் சேர, இரண்டு பிள்ளைகளையும் தூரத்துச் சொந்தம் ஒருவர் வளர்த்தார். அவர் தாத்தாவை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பிள்ளைகளுக்காக அச்சகத்திலிருந்து ஒரு படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அனுப்பியிருந்தார்கள். அச்சக வாசலில் ஏழு பேர் வரிசையாக நிற்கிறார்கள். பின்னால் அச்சடித்த சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. 'இடமிருந்து வலம்' என்று போட்டு ஏழு பெயர், பெயருக்குப் பக்கத்தில் அவரவர் வேலை. மூன்றாவது பெயர் தாத்தாவுடையது.

வளர்த்தவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, அந்த ஆளைக் கழுத்துவரை பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டிவிட்டார்.

என்ன முகம் தெரியுமா அது! கொத்து மீசை. நாம் ஏதோ தப்பு செய்துவிட்டு வந்து நிற்பது போல ஒரு முறைப்பு. என் அப்பா அதைப் பார்த்துத்தான் மீசை வைத்தார். அவருக்கு அடர்த்தியாக வராது, இருந்தாலும் கடைசிவரை எடுக்கவில்லை. அத்தை தினமும் வெளியே கிளம்பும்போது அந்தப் படத்துக்கு முன்னால் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். பார்க்காத அப்பாவின் முகம் என்று அத்தைக்கு இருந்தது அது ஒன்றுதான்.

எனக்கு வேலை சலவைக் கடையில். ஒரு நாளைக்கு நூற்றைம்பது சட்டை தேய்ப்பேன். இங்கே எனக்குத் தமிழ் பேச ஆள் கிடையாது. வாரத்துக்கு ஒரு தடவை அத்தையிடம் வாங்கும் திட்டுதான் என் தமிழ். சாப்பாட்டுப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, போனை மடித்த சட்டைகள் மேல் சாய்த்து, 'கண்டிப்பானவர், அதிகம் பேசாதவர்' என்று இரண்டு வரி எழுதினேன். மூன்றாவது வரி வரவில்லை. அத்தான் அனுப்பியிருந்த ஏழு பேர் படத்தை விரலால் பெரிதாக்கி மேய்ந்துகொண்டிருந்தேன்.

ஏதோ உறுத்தியது. அது முகத்தில் இல்லை, சட்டையில்.

தாத்தாவின் சட்டைப் பை வலது மார்பில் இருந்தது. நான் தேய்க்கிற ஆம்பளைச் சட்டை எல்லாவற்றுக்கும் பை இடது மார்பில்தான். சரி, யாரோ ஒரு தையல்காரர் மாற்றித் தைத்துவிட்டார் என்று பக்கத்து ஆளைப் பார்த்தேன். அவருக்கும் வலது. அதற்கடுத்தவருக்கும் வலது. ஒருவர் பொத்தான் பட்டை நன்றாகத் தெரிந்தது. பெண்கள் சட்டை மாதிரி எதிர்ப்பக்கமாக மூடியிருந்தது. இன்னொருவருக்குக் கைக்கடிகாரம் வலது மணிக்கட்டில்.

எனக்கு உடம்பெல்லாம் குப்பென்று ஆகிவிட்டது. எழுந்து நின்றேன். பக்கத்து மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மாள் என்னமோ ஏதோ என்று தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள். வாங்கிக் குடித்துவிட்டு அத்தானைக் கூப்பிட்டேன்.

"எழுதிட்டியா?"

"அத்தான், அந்தப் படம் திருப்பிப் போட்டிருக்கு."

"தலைகீழாவா? எனக்கு நேராத்தானே தெரியுது."

"இடம் வலமா மாறியிருக்கு. பை தெரியுற எல்லாருக்கும் அது வலது பக்கம்."

"அதனால? எல்லாருக்கும் ஒரே தையல்காரன், அவன் அன்னைக்கு கொஞ்சம் போட்டுட்டு வந்து தைச்சிருக்கான். நீ பத்து வரி எழுது."

"கடிகாரமும் வலது கையில. அதையும் தையல்காரன்தான் கட்டி விட்டானா?"

அத்தான் கொஞ்சம் யோசித்தார். "நான் போன்ல எடுத்தேன்ல, அதுல திரும்பியிருக்கும். செல்ஃபி எடுத்தா திரும்புமே, அந்த மாதிரி."

"சட்டம் போட்ட படம் உங்க ரூம்லதானே இருக்கு? போய்ப் பாருங்க."

போனோடு நடக்கும் சத்தம். பீரோ கதவு திறந்தது. பிறகு சட்டத்தைத் தூசி தட்டும் சத்தம்.

"ஆமாடா" என்றார் மெதுவாக. "இதுலயும் வலதுதான்."

"அப்ப ஸ்டூடியோவுலயே நெகட்டிவைத் திருப்பி வச்சு பிரிண்ட் போட்டிருக்காங்க. நாம எண்ணினது தப்புப் பக்கத்துல இருந்து. தாத்தா அந்தக் கோடியிலிருந்து மூணாவது."

"அப்ப கூடத்துல இருக்கறது?"

"சீட்டுல அஞ்சாவது யாரு?"

அத்தான் சட்டத்தைத் திருப்பிப் படித்தார். "மெஷின் மேஸ்திரி." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மாப்ள, உன் கால்ல விழறேன், இதை இத்தோட விட்டுடு. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? காலையிலகூட அந்தப் படத்துகிட்ட முழங்கால் வலின்னு சொல்லிட்டிருந்தாங்க."

நானும் ஒரு நிமிடம் அதையேதான் நினைத்தேன். அறுபத்தேழு வயதில் ஒருத்தியிடம் போய், உன் அப்பா உன் அப்பா இல்லை என்று எப்படிச் சொல்வது?

"என்னடா குசுகுசுன்னு? யாருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" கதவுப்பக்கமிருந்து அத்தையின் குரல். "என் மருமகனா லைன்ல? கொடு இங்க."

அத்தான் ஏதோ சொல்லி மழுப்பப் பார்த்தார். அத்தையிடம் அது நடக்காது. வீடியோவைப் போடச் சொன்னார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டைப் பையையும் கடிகாரத்தையும் சொன்னேன், மேஸ்திரியையும் சொன்னேன். அத்தை திரும்பிக் கூடத்துப் படத்தைப் பார்த்தார்.

"அப்ப இத்தனை வருஷமா நான் ஒரு மேஸ்திரிக்கா போயிட்டு வரேன், போயிட்டு வரேன்னு சொல்லிட்டிருந்தேன்?" என்றார்.

"அம்மா, இன்னும் நிச்சயமாத் தெரியல..."

"சும்மா இருடா. இந்த ஆளு முறைக்கிறாருன்னு நான் ஸ்கூல்ல நாடகத்துல சேரல. இந்த ஆளு முறைக்கிறாருன்னு வாசல்ல நின்னு சிரிச்சுப் பேசினதில்ல. எங்கண்ணன் பாவம், மீசைக்கு எண்ணெய் தடவித் தடவியே போய்ச் சேர்ந்தான்." மூச்சு வாங்கிக்கொண்டார். "சரி, எங்கப்பா எது? காட்டு."

"இருங்கம்மா" என்று அத்தான் இடையில் புகுந்தார். மூன்று வருடம் கோடு போட்ட மனிதர், சும்மாவா? "ஒரு சிக்கல் இருக்கு. திருப்பிப் போட்ட இந்தப் படத்தைப் பார்த்தே சீட்டை எழுதியிருந்தா? அப்ப நாம எண்ணினதுதான் சரி. மேஸ்திரி மேஸ்திரியில்ல, தாத்தாதான்."

நான் இதை யோசிக்கவே இல்லை. கடைச் சுவரில் கடிகாரத்தைப் பார்த்தேன். இடைவேளை முடிய பன்னிரண்டு நிமிடம்.

"சீட்டை முழுசாப் படிங்க அத்தான். வேலையோட."

"ஒண்ணு, காவலாளி. ரெண்டு, பைண்டர். மூணு, அச்சுக் கோப்பவர். நாலு, புரூஃப் பார்ப்பவர். அஞ்சு, மேஸ்திரி. ஆறு, பேப்பர் வெட்டுபவர். ஏழு, மை உருட்டுபவர்."

"காவலாளின்னா யூனிஃபார்ம் போட்டிருப்பார்ல? எந்தக் கோடியில நிக்கறாரு?"

"ரெண்டு கோடியும் தெரியலையே மாப்ள. சட்டத்துக்குள்ள ஓர அட்டை மறைக்குது. ரெண்டு பேருக்கும் பாதி முகம்தான் தெரியுது. இத்தனை நாளா பிரிக்கவே இல்ல, கிழிஞ்சிடும்னு."

"பிரி" என்றார் அத்தை.

"அம்மா, ரொம்பப் பழைய பேப்பர்..."

"நீ பிரிக்கிறியா, நான் பிரிக்கட்டுமா?"

அத்தை பிரித்தால் என்ன ஆகும் என்பது அத்தானுக்குத் தெரியும். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தார். எனக்கு அவர்களுடைய கைகள் மட்டும் தெரிந்தன. துருப்பிடித்த ஆணிகளைக் குறடு போட்டு ஒவ்வொன்றாக இழுத்தார்கள். ஒன்று தெறித்து எங்கோ போய் விழுந்தது. "பார்த்துடா, கால்ல குத்திடப் போகுது." கண்ணாடி தனியாக வந்தது. அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அத்தான் சவரப் பிளேடை அடியில் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்த்தினார். நான் இங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜை அம்மாளும் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டாள். அவளுக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனால் அவளும் மூச்சு விடவில்லை.

இடது ஓரம் முதலில் வந்தது. ஒரு ஒல்லி ஆள். முன்னால் கட்டியிருந்த துணி முழுக்கக் கறுப்புத் திட்டு.

"மை!" என்று கத்தினேன். "மை உருட்டுபவர்!"

"அழுக்கா இருக்கலாம்" என்றார் அத்தான். ஆனால் அவர் குரலும் உயர்ந்துவிட்டது.

வலது ஓரம் லேசில் வரவில்லை. பிளேடு ஒரு தடவை வழுக்கியது. அத்தை "ஐயோ" என்றார். அப்புறம் அட்டை மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது.

தோளில் பட்டை வைத்த சட்டை. தலையில் தொப்பி. சட்டைப் பையிலிருந்து விசில் கயிறு தொங்கியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார், அச்சகமே அவருடையது போல.

"காவலாளி!" மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினோம். எங்களோடு சேர்ந்து அந்த அம்மாளும் ஏதோ கத்தினாள். முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

சீட்டில் ஒன்றாவது ஆள் படத்தில் வலது கோடி. அப்படியென்றால் அங்கிருந்துதான் எண்ண வேண்டும். அத்தை விரலை வைத்தார். காவலாளி, பைண்டர், அடுத்தது.

அந்த ஆளை நாங்கள் யாரும் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. படம் எடுக்கும்போது அசைந்துவிட்டார், அதனால் முகம் கொஞ்சம் கலங்கியிருந்தது. சின்ன வயசு. மீசை கிடையாது. பக்கத்தில் நின்ற புரூஃப்காரர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், பாதி திரும்பிச் சிரிக்கிறார். வாயை மூடிச் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போன சிரிப்பு. இரண்டு காதும் வீட்டைவிட்டு வெளியே வந்து வாசலில் நிற்பது போல நிற்கின்றன.

"அம்மா" என்றார் அத்தான். "முடியை ஒதுக்குங்க."

அத்தை எப்போதும் காதை மூடித்தான் தலை வாருவார். போனுக்கு முன்னால் குனிந்து, இரண்டு கையாலும் முடியைப் பின்னால் ஒதுக்கினார்.

அதே காது. அச்சு அசல்.

"ஸ்கூல்ல காதைப் பார்த்து என்னை ஜாடி ஜாடின்னு கூப்பிட்டானுங்களே!" அத்தான் தன் காதுகளைப் பிடித்துக்கொண்டு குதித்தார். "மூணு வருஷமா தேடறேன், இது யார் கொடுத்த சொத்துன்னு!"

நான் அத்தான் அனுப்பிய படத்தை அவசரமாக இடம் வலம் திருப்பி, அந்த ஆளை மட்டும் பெரிதாக்கி அத்தானுக்கு அனுப்பினேன். இப்போதுதான் அவர் அன்றைக்கு நின்ற மாதிரியே நிற்கிறார், சட்டைப் பை இடது மார்பில். அத்தை அத்தானின் போனைப் பிடுங்கி மூக்குக்குக் கிட்டே வைத்துக்கொண்டார். எனக்கு அத்தையின் நெற்றி மட்டும் தெரிந்தது.

"இருபத்தஞ்சு வயசுகூட இருக்காதேடா" என்றார். "என் பேரன் மாதிரி இருக்காரு." கொஞ்சம் பொறுத்து, "ஒரு நிமிஷம் சும்மா நிக்க முடியல பாரு. போட்டோ எடுக்கறாங்கன்னா ஆடாம நிக்க வேண்டாமா?" என்று அதட்டினார். அதட்டல் பாதியில் சிரிப்பாக மாறியது. வாய்விட்டு அத்தை அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வர வரச் சிரித்தார்.

அத்தான்தான் மணியைப் பார்த்தார். "அம்மா! அட்டை! ஆறு மணிக்கு மேஸ்திரி மெஷின்ல ஏறிடுவாரு!"

அத்தை சிரிப்பை நிறுத்தவில்லை. இன்னொரு போனை எடுத்து அச்சகக்காரரைக் கூப்பிட்டார். நான் இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தேன். முதலாளி என்னைப் பார்த்து மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"தம்பி, அட்டையை நிறுத்துங்க. படம் மாறிப்போச்சு... பிளேட் போட்டாச்சா? கழட்டுங்க... மை விட்டாச்சா? அதனால என்ன, கழுவுங்க. எங்கப்பாவும் பிரஸ்காரர்தான், என்கிட்ட கதை விடாதீங்க... புதுப் படம் இப்ப வரும், ஏழு பேர் இருப்பாங்க... எது அப்பாவா?"

அத்தை முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டார்.

"நிக்காம அசைஞ்சுட்டு ஒருத்தர் சிரிக்கிறாரு பாருங்க. அவருதான்."